எழுதிப் பார்த்து அனுப்பிய டஸ்டர்கள்

கருங்காட்டுப்புதூர்
12.7.1988

அன்புள்ள அக்கா அமீருன்னிசாவுக்கு,

தம்பி சலாவுதீனின் சலாம். நான் சுகமாக இருக்கிறேன். அம்மாவுக்கு முழங்கால் வலி குறைந்ததா? மச்சானின் டெம்போ ஒழுங்காக ஓடுகிறதா?

வேலையில் சேர்ந்து ஒரு மாதம் ஆகிவிட்டது. கணியூரில் பஸ்ஸை விட்டு இறங்கி, வாய்க்கால் மேட்டில் சைக்கிளை மிதித்தால் பள்ளிக்கூடம் வந்துவிடும். ஐந்து வகுப்பு, ஒரே அறை, ஒரே வாத்தியார். அந்த வாத்தியார் உன் தம்பி. ஒரு மர பீரோ இருக்கிறது. சாமான் இருக்கும் என்று ஆசையாகத் திறந்தேன். உள்ளே ஒரு கோழி அடைகாத்துக்கொண்டிருந்தது. அது என்னை முறைத்த முறைப்பில் நான்தான் மன்னிப்புக் கேட்டுக் கதவைச் சாத்தினேன்.

ஊர்க்காரர் யாரோ எப்போதோ கொடுத்த போர்டு மட்டும் நல்ல தேக்குப் பலகை. எழுதினால் பளிச்சென்று தெரிகிறது. துடைக்கத்தான் ஒன்றுமில்லை. பிள்ளைகள் பூவரச இலையைக் கசக்கித் துடைக்கிறார்கள். இலை கிடைக்காத நாளில் பாவாடை நுனி, சட்டைக் கை. என் கைக்குட்டைகள் எல்லாம் சுண்ணாம்பு நிறமாகிவிட்டன.

இதையெல்லாம் உன்னிடம் கேட்பதற்காக எழுதவில்லை. யாரிடமாவது சொல்ல வேண்டும் போலிருந்தது, அவ்வளவுதான். அம்மாவுக்கு என் சலாம்.

உன் தம்பி,
சலாவுதீன்

---

திருப்பூர்
24.7.1988

தம்பி சலாவுதீனுக்கு,

அக்கா சலாம் சொல்லி எழுதுவது. எல்லோரும் சுகம். அம்மாவின் முழங்கால், மழை வந்தால் வலிக்கிறது, வெயில் வந்தால் மறந்துபோகிறது. டெம்போ ஓடுகிறது, உன் மச்சான்தான் நின்று நின்று போகிறார்.

கேட்பதற்காக எழுதவில்லை என்று ஒருவன் எழுதினால் கேட்டுவிட்டான் என்றுதான் அர்த்தம். சின்ன வயதிலும் மிட்டாய்க் கடை முன்னால் நின்றுகொண்டு "எனக்கு வேண்டாம்" என்பாய். உன்னை எனக்குத் தெரியாதா?

உன் கடிதத்தைப் பனியன் கம்பெனியில் சாப்பாட்டு நேரத்தில் படித்துக் காட்டினேன். கோழி வந்த இடத்தில் எல்லோரும் சிரித்தார்கள். பூவரச இலை வந்த இடத்தில் சத்தம் நின்றுவிட்டது. என்னோடு செக்கிங்கில் பனியனைக் குறை பார்த்துப் பிரிக்கும் பழனாத்தாள்தான் முதலில் பேசினாள். "ஏனக்கா, வாத்தியாருத் தம்பி எலையில தொடைக்கறாரு, நாம இத்தன துணிய வெட்டி மூலைல போட்டு வெச்சிருக்கறமே, இது ஞாயமுங்களா?" என்றாள். டெய்லர்களுக்குத் துணி மடித்துக் கொடுக்கும் ஒச்சாயி உடனே எழுந்து கட்டிங் மேஜைக்கு அடியில் கிடந்த வெள்ளைத் துண்டுகளை மடி நிறைய அள்ளிக்கொண்டு வந்துவிட்டாள். உசிலம்பட்டிக்காரி, யோசித்துக்கொண்டெல்லாம் நிற்க மாட்டாள்.

ஞாயிற்றுக்கிழமை பழனாத்தாள் வீட்டு மெஷினில் துண்டுகளை அடுக்கித் தைத்தோம். அனுப்பியிருக்கும் மூட்டையில் அந்த டஸ்டர்கள் மேலே இருக்கின்றன. அடியில் நூல் தீர்ந்த காகிதக் கோன்கள். பனியனுக்குள் வைக்கும் அட்டைகள். கட்டிங் மாஸ்டர் கொடுத்த மார்க் போடும் சாக்குக் கட்டிகள். எது எதற்கு ஆகும் என்று எங்களுக்குத் தெரியாது. நீதான் படித்தவன், கண்டுபிடி.

கோழியை விரட்டாதே, குஞ்சு பொரித்துக்கொண்டு போகட்டும்.

அக்கா,
அமீருன்னிசா

---

கருங்காட்டுப்புதூர்
20.8.1988

அன்புள்ள அக்காவுக்கும் வீட்டில் எல்லோருக்கும் சலாம்.

எனக்கு இரண்டு நாள் ஜலதோஷம், இப்போது சரியாகிவிட்டது. மூட்டை வந்த அன்று பள்ளிக்கூடத்தில் பாடம் நடக்கவில்லை. கோன்களைப் பார்த்ததும் பிள்ளைகள் வாயில் வைத்து ஊதத் தொடங்கிவிட்டார்கள். அப்புறம் ஒவ்வொரு கோனிலும் ஒரு எழுத்து எழுதினேன். ஒன்றின் மேல் ஒன்று செருகினால் ஒரு வார்த்தை வந்து நிற்கிறது. ஒன்றாம் வகுப்பு இப்போது வார்த்தையைப் படிப்பதில்லை, கட்டுகிறது. யார் உயரமான வார்த்தை கட்டுவது என்று சண்டை வேறு. பனியன் அட்டையில் படம் ஒட்டினேன். சுவரெல்லாம் யானை, ரயில், பூசணிக்காய்.

ஆனால் எல்லாவற்றிலும் உயர்ந்தது டஸ்டர்தான். ஒரே இழுப்பில் போர்டு கறுப்பாகிவிடுகிறது. யார் துடைப்பது என்று முறை வைத்திருக்கிறேன்.

ஒன்றியத்து ஆசிரியர் கூட்டத்துக்கு ஒரு டஸ்டரை எடுத்துப் போனேன், பெருமை அடித்துக்கொள்ளத்தான். பக்கத்து ஊர் அப்புசாமி வாத்தியார், ஓய்வு பெறும் வயதுக்காரர், எதையும் லேசில் பாராட்டாதவர், அதை வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "என்ற சர்வீஸ்ல வேட்டி முந்தியில தொடச்சே காலம் போயிருச்சுங்க. எனக்கொண்ணு கெடைக்குமுங்களா?" என்று கேட்டார். அவர் கேட்டதும் மற்றவர்களும் சூழ்ந்துகொண்டார்கள், எங்களோடு சேர்த்துப் பதினான்கு பள்ளி. உன் பெயரையும் பழனாத்தாள், ஒச்சாயி பெயர்களையும் எல்லோருக்கும் சொன்னேன். வாரம் ஆறு நாள் நின்றுகொண்டே வேலை பார்த்துவிட்டு, கிடைக்கிற ஒரு ஞாயிற்றுக்கிழமையையும் முகம் தெரியாத பிள்ளைகளுக்குக் கொடுத்திருக்கிறீர்கள்.

உன் தம்பி,
சலாவுதீன்

---

திருப்பூர்
2.10.1988

தம்பிக்கு சலாம். ஜலதோஷம் மறுபடி வரவில்லையே? அம்மா தினமும் கேட்கிறார்.

உன் கடிதம் கம்பெனி முழுக்கச் சுற்றி, மடிப்பு கிழிந்து என்னிடம் திரும்பி வந்தது. இப்போது ஞாயிற்றுக்கிழமைக்குப் பத்துப் பெண்கள் வருகிறோம். பழனாத்தாள் வீடு போதவில்லை. அதனால் முதலாளி சுப்பண்ணனிடமே போய், பின்னால் இருக்கும் ஷெட்டையும் இரண்டு மெஷினையும் ஞாயிற்றுக்கிழமை மட்டும் கேட்டேன்.

"ஏம்மா, பனியன் கம்பெனி நடத்தறனா, பள்ளிக்கொடம் நடத்தறனா?" என்றார். வெளியே காத்திருக்கிறவர்கள் காதில் விழட்டும் என்று சத்தமாகத்தான் கேட்டார். நான் நகரவில்லை. கடைசியில், "செரி, எடுத்துக்கங்க. ஆனா கம்பெனி பேரு அதுல இருக்குது. ஒரு வாத்தியாரு வந்து குத்தஞ் சொன்னாருன்னாலும் அன்னைக்கே ஷெட்டப் பூட்டிப் போடுவேன், பாத்துக்கங்க" என்றார். நான் செக்கிங்கில் இருக்கிறவள், என் கையைத் தாண்டிக் குறை வெளியே போகாது என்று வாக்குக் கொடுத்தேன்.

உனக்கு ஒன்று சொல்ல வேண்டும். அத்தா மௌத்தாகி, சம்பாதிக்க ஆளில்லாமல் நான் எட்டாவதோடு நின்றபோது, நம் பள்ளிக்கூட வாசல் வழியாகப் போகாமல் சுற்றிக்கொண்டு வேலைக்குப் போவேன். இப்போது பதினான்கு பள்ளிக்கூடத்து வாத்தியார்கள் என் பெயரைச் சொல்கிறார்கள். சிரிக்காதே. எனக்கு அது பெரிய விஷயம்.

வெள்ளைத் துண்டுகள் தீர்ந்துவிட்டன. தீபாவளி ஆர்டர் முடிகிறவரை கிடைக்காது. நல்ல வேளையாக, துணி பின்னும் நிட்டிங் கம்பெனியில் ஓரத் துண்டுகளைச் சும்மாவே எடுத்துக்கொள்ளச் சொன்னார்கள். சாயப்பட்டறைக்கே போகாத துணி, மெஷினை விட்டு நேரே வந்தது. நல்ல தடிமன். இதில் தைத்தால் வருஷக்கணக்கில் உழைக்கும். பதினான்கு பள்ளிக்கும் சேர்த்து அடுத்த வாரம் பஸ்ஸில் போடுகிறேன்.

அக்கா

---

கருங்காட்டுப்புதூர்
5.12.1988

அன்புள்ள அக்காவுக்கு சலாம்.

பதில் தாமதமாகிவிட்டது, கோபித்துக்கொள்ளாதே. உடம்புக்கு ஒன்றுமில்லை. அம்மாவைக் குளிரில் வெறுந்தரையில் உட்கார விடாதே.

மூட்டை பத்திரமாக வந்தது. எல்லாப் பள்ளிக்கும் பிரித்துக் கொடுத்துவிட்டேன். கோன்கள் மிகவும் உதவியாக இருக்கின்றன. அட்டைகளும்தான். ஐந்தாம் வகுப்புப் பிள்ளைகள் கோனை வைத்து ஒரு கலங்கரை விளக்கம் செய்திருக்கிறார்கள். கோழி பொரித்துக் குஞ்சுகளோடு போய்விட்டது. பீரோவில் இப்போது சாமான் வைக்கிறோம்.

ஞாயிற்றுக்கிழமையும் இப்படி உழைத்தால் உடம்பு என்னத்துக்கு ஆகும்? கொஞ்ச நாள் நிறுத்தி ஓய்வு எடுத்துக்கொண்டால் என்ன? டஸ்டர் இப்போதைக்குப் போதும் என்று நினைக்கிறேன்.

எல்லோருக்கும் என் அன்பைச் சொல்.

சலாவுதீன்

---

திருப்பூர்
20.12.1988

தம்பி,

சலாம். இங்கே யாருக்கும் ஒரு குறையும் இல்லை, உன் கடிதத்தைத் தவிர.

என்ன கடிதம் அது? கலங்கரை விளக்கமாம், கோழிக் குஞ்சாம். நாங்கள் இடுப்பு ஒடியத் தைத்தது டஸ்டர். அதைப் பற்றி "போதும்" என்று ஒரு வார்த்தை. பழனாத்தாள் முகம் வாடிப்போயிற்று. ஒச்சாயி மட்டும், "வாத்தியாருக்கு ஏதும் மேலுக்கு முடியலையோ என்னமோ" என்று உனக்காகப் பரிந்து பேசினாள்.

ஓய்வெல்லாம் வேண்டாம். பொங்கல் லீவில் உட்கார்ந்து ஒன்றியத்தில் பாக்கி இருக்கும் எல்லாப் பள்ளிக்கும் தைத்துவிடுவதாக முதலாளியிடம் சொல்லிவிட்டேன். அவரே ஒரு பெரிய இந்தியா மேப்பும், ஒரு உலக உருண்டையும் வாங்கிக் கொடுத்திருக்கிறார். ஷெட்டைப் பூட்டுவேன் என்றவர் இப்போது ஞாயிற்றுக்கிழமை வந்து எட்டிப் பார்த்துவிட்டுப் போகிறார்.

டஸ்டர் எப்படி இருக்கிறது? ஒரு கார்டில் எழுதினாலும் போதும்.

அக்கா

---

கருங்காட்டுப்புதூர்
28.12.1988

மதிப்புக்குரிய மச்சான் ராஜா முகமது அவர்களுக்கு,

சலாவுதீனின் சலாம். சுகமாக இருக்கிறீர்களா? டெம்போ கம்பெனி விலாசத்துக்கு எழுதுகிறேன். காரணம் இருக்கிறது.

அக்கா கடைசியாக அனுப்பிய டஸ்டர்கள் எங்கள் போர்டுகளைப் பாழாக்கிவிட்டன. முதலில் எங்களுக்கு ஒன்றும் புரியவில்லை. சாக்பீஸ்தான் மட்டம் என்று நினைத்தோம். எழுதினால் வழுக்கிக்கொண்டு போகிறது, எழுத்து விழுவதில்லை. ஈரத் துணியால் துடைத்தால் இன்னும் மோசம். ஒருநாள் டஸ்டரைப் பிடித்த கையைக் கழுவும்போதுதான் தண்ணீர் ஒட்டாமல் முத்து முத்தாக ஓடுவதைப் பார்த்தேன். நிட்டிங் மெஷினில் ஊசிக்கு விடுகிற எண்ணெய் அந்தத் துணியிலேயே இருக்கிறது. துடைக்கத் துடைக்க அது பலகையில் ஏறியிருக்கிறது. பதினான்கு பள்ளியிலும் இதே கதை. பிப்ரவரிக் கடைசியில் ஆண்டு ஆய்வு வருகிறது. நாங்கள் வாயாலேயே பாடம் நடத்திக்கொண்டிருக்கிறோம்.

அக்காவிடம் இதை எப்படிச் சொல்வது? அவள் படிப்பை நிறுத்தி பனியன் மடித்த காசில்தான் நான் வாத்தியாரானேன். இப்போதுதான் பள்ளிக்கூடத்து மனிதர்கள் தன்னை மதிக்கிறார்கள் என்று சந்தோஷப்படுகிறாள். ஒரு குறை வந்தாலும் ஷெட் போய்விடும், அவள் கொடுத்த வாக்கும் போய்விடும். மற்ற வாத்தியார்களிடம் கையைப் பிடித்துக் கெஞ்சி, யாரும் எழுத வேண்டாம் என்று சொல்லி வைத்திருக்கிறேன். நீங்கள்தான் துணி கிடைக்கவில்லை என்று ஏதாவது சொல்லிப் பொங்கல் வேலையை நிறுத்த வேண்டும்.

தங்கள்,
சலாவுதீன்

---

திருப்பூர்
8.1.1989

மாப்பிள்ளைக்கு,

சலாம். கடிதம் கிடைத்தது. நல்ல வேலை கொடுத்தீர்கள்.

முதல் நாள் சொல்லப் போனேன், மீன் குழம்பு வைத்திருந்தாள், சாப்பிட்டுவிட்டுச் சொல்லலாம் என்று விட்டுவிட்டேன். ஞாயிற்றுக்கிழமை ஷெட்டுக்கே போனேன். பத்துப் பெண்களும் தைத்துக்கொண்டே பேசிச் சிரித்துக்கொண்டிருந்தார்கள். உங்கள் அக்கா ஒவ்வொரு டஸ்டரையும் வெளிச்சத்தில் பிடித்து, தையல் பிரிகிறதா, ஓட்டை இருக்கிறதா என்று பார்த்து அடுக்கிக்கொண்டிருந்தாள். கல்யாணம் ஆன நாளிலிருந்து அவளை இவ்வளவு சந்தோஷமாக நான் பார்த்ததில்லை. "என்னங்க, எதுக்கு வந்தீங்க?" என்று கேட்டாள். "டீ வாங்கித் தரலாமுன்னு வந்தேன்" என்று சொல்லி, எல்லோருக்கும் டீ வாங்கிக் கொடுத்துவிட்டு வந்துவிட்டேன்.

தினமும் அந்தத் துணி மூட்டைகளை நிட்டிங்கிலிருந்து சாயப்பட்டறைக்கு ஏற்றுகிறவன் நான். என் சட்டையெல்லாம் அந்தப் பிசுக்குத்தான். எனக்கே தோன்றவில்லை பாருங்கள். இந்த ஊரில் எங்களுக்கு அது எண்ணெயாகவே தெரிவதில்லை. துணி வாசனை என்றுதான் நினைப்பு.

என்னால் முடியாது மாப்பிள்ளை. நீங்களே சொல்லிவிடுங்கள்.

ராஜா முகமது

---

திருப்பூர்
25.1.1989

சலாவுதீனுக்கு,

அம்மா சுகமாக இருக்கிறார். நான் சுகமாக இல்லை.

ஞாயிற்றுக்கிழமை ஷெட் வாசலில் ஒரு பெரியவர் மஞ்சள் பையோடு வந்து நின்றார். மகள் கல்யாணத்துக்குத் துணி எடுக்கத் திருப்பூர் வந்தாராம். அப்புசாமி வாத்தியார் என்றதும் நாங்கள் எல்லோரும் எழுந்து நின்றுவிட்டோம். பழனாத்தாள் நாற்காலியை முந்தானையால் துடைத்துப் போட்டாள். அவர் உட்காரவில்லை. பையிலிருந்து ஒரு டஸ்டரை எடுத்து என் கையில் கொடுத்தார்.

"கோவிச்சுக்காதீங்க அம்மிணி. உங்க தம்பி சொல்ல வேண்டாமுன்னு கைய புடிச்சுக் கேட்டாப்ல. எனக்கு மனசு கேக்கல. இத்தன பேரு ஒக்காந்து பாடுபடறீங்க. அது வீணாப் போகுதுன்னு தெரிஞ்சும் சொல்லாம இருந்தா நாந்தான உங்கள மதிக்கல? இதுல எண்ணெ இருக்குதுங்க. போர்டுல சாக்பீஸ் நிக்கறதில்லீங்க" என்றார்.

டஸ்டரை முகர்ந்து பார்த்தேன். எனக்கு ஒரு வாசனையும் வரவில்லை. ஒச்சாயி மடிக்கும் இடத்திலிருந்து ஒரு காகிதத்தை எடுத்துத் துணியின் மேல் வைத்து அழுத்தினாள். காகிதம் கண்ணாடியாகிப் போயிற்று. "ஆத்தி! இம்புட்டு நாளும் எண்ணெயையா தச்சு அனுப்புனோம்?" என்று அப்படியே உட்கார்ந்துவிட்டாள். பன்னிரண்டு வருஷமாக எண்ணெய்க் கறை பட்ட பனியனைத் தூக்கி ரிஜெக்டில் போடுகிறவள் நான். எனக்கு வந்த வெட்கத்தை எழுத முடியாது.

ஆனால் தம்பி, என் கோபம் துணி மேல் இல்லை, உன் மேல்தான். உன் வகுப்பில் ஒரு பிள்ளை கணக்கைத் தப்பாகப் போட்டால், பாவம், முகம் வாடிவிடும் என்று சரி போட்டு அனுப்புவாயா? அப்புசாமி வாத்தியாருக்கு நாங்கள் யார்? அவர் சொன்னார். நீ சொல்லவில்லை. உன் மச்சானும் டீ வாங்கிக் கொடுத்தாராம். அவரிடம் நான் பேசி மூன்று நாள் ஆகிறது.

வேறு யாரும் சொல்வதற்கு முன்னால் நானே முதலாளியிடம் போனேன். தைத்ததை எல்லாம் அவர் மேஜை மேல் வைத்து, "நீங்க சொன்னபடி ஷெட்டப் பூட்டிக்கங்க" என்றேன். அவர் டஸ்டரைத் தொட்டுப் பார்த்தார். விரலை வேட்டியில் துடைத்தார். பிறகு, "என்ற மாலு ஒருக்கா கப்பல்ல போயி அப்படியே திரும்பி வந்துச்சு. அதுக்காகக் கம்பெனியப் பூட்டுனனா? மறுக்காத் தச்சு அனுப்புனேன். போங்கம்மா, போயி அந்த வாத்தியாருக போர்டயெல்லாம் மொதல்ல சரி பண்ணிக் குடுங்க. அப்பறமேட்டுப் பூட்டறதப் பத்திப் பேசலாம்" என்றார்.

பிப்ரவரி பன்னிரண்டு, ஞாயிற்றுக்கிழமை வருகிறோம். பத்துப் பேரும். உன் மச்சான் டெம்போ ஓட்டுகிறார், அது அவருக்குத் தண்டனை. சலவை சோடா நாங்கள் கொண்டுவருகிறோம். போர்டுக்கு அரைத்துப் பூச ஊமத்தை இலையும் அடுப்புக்கரியும் நீ தயாராக வை. எல்லாப் பள்ளிச் சாவிகளும் உன் கையில் இருக்க வேண்டும்.

அமீருன்னிசா

---

கருங்காட்டுப்புதூர்
14.2.1989

அன்புள்ள அக்காவுக்கு,

உன் கையைப் பிடித்து சலாம் சொன்னதாக வைத்துக்கொள். நேரில் சொல்ல எனக்கு வாய் வரவில்லை, நீயும் என் முகத்தைப் பார்க்காமலேயே போர்டைத் தேய்த்துக்கொண்டிருந்தாய். கை எரிச்சல் குறைந்ததா? சோடாவில் எல்லோர் உள்ளங்கையும் சிவந்து போயிருந்தது.

நான் தப்புச் செய்துவிட்டேன் அக்கா. உன்னைக் காப்பாற்றுவதாக நினைத்து உன்னைச் சின்னப் பிள்ளையாக நடத்திவிட்டேன்.

ஞாயிற்றுக்கிழமை நீங்கள் வந்து இறங்கியபோது மணி ஏழுகூட ஆகவில்லை. கம்பெனியில் வேலையைப் பிரிப்பது போலவே பிரித்துக்கொண்டீர்கள். இருவர் கொதிநீர், இருவர் தேய்ப்பது, இருவர் கழுவுவது, இருவர் இலை அரைப்பது, இருவர் பூசுவது. வாத்தியார்கள் நாங்கள் கையைக் கட்டிக்கொண்டு நின்றோம். ஒச்சாயி அக்காதான், "என்ன சார், வேடிக்க பாக்கவா வந்தீக? தண்ணியத் தூக்குங்க" என்று அதட்டினார். அப்புசாமி வாத்தியார் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு குடம் சுமந்ததை அவர் ஊரே வந்து பார்த்தது. பதினான்கு பள்ளியையும் வெளிச்சம் போவதற்குள் முடித்துவிட்டீர்கள். மனிதர்கள் சேர்ந்து வேலை செய்வதை நான் பார்த்திருக்கிறேன், இப்படிப் பார்த்ததில்லை. ஒருவர் கூட, "எங்கள் தப்பு" என்று திரும்பத் திரும்பச் சொல்லி அழவில்லை. ஒரே ஒரு தடவை சொன்னீர்கள், அப்புறம் வேலையைப் பார்த்தீர்கள்.

நீ பார்க்காததைச் சொல்ல வேண்டும் என்றுதான் இந்தக் கடிதம். திங்கட்கிழமை காலையில் போர்டு காய்ந்து கன்னங்கரேலென்று இருந்தது. சாக்பீஸை வைத்து இழுத்தேன். கிறீச்சென்று ஒரு சத்தம். மூன்று மாதமாகக் கேட்காத சத்தம். பிள்ளைகள் காதைப் பொத்திக்கொண்டு கூச்சல் போட்டுச் சிரித்தார்கள். எனக்குக் கண் கலங்கிவிட்டது, சாக்பீஸ் தூள் என்று சொல்லிச் சமாளித்தேன்.

இனிமேல் உங்கள் சாமானில் எந்தக் குறை இருந்தாலும் மறு தபாலில் எழுதுவேன். இது சத்தியம். மச்சானிடம் பேசிவிடு, பாவம்.

உன் தம்பி,
சலாவுதீன்

---

திருப்பூர்
10.9.1989

அன்புள்ள தம்பிக்கு,

அக்காவின் சலாமும் துஆவும். அம்மா மாடிப்படி ஏறுகிறார். மச்சானிடம் பேசிவிட்டேன் என்று எத்தனை கடிதத்தில் எழுதுவது?

ஜூனில் நீ எழுதியதைப் பழனாத்தாள் மனப்பாடமாகச் சொல்கிறாள்: கைப்பிடி சின்னது, தையல் மடிப்பில் தூள் அடைகிறது. ஒரு பாராட்டுக்கூட இல்லாத அந்தக் கடிதத்தைத்தான் ஷெட் சுவரில் ஒட்டி வைத்திருக்கிறோம். கைப்பிடியைப் பெரிதாக்கிவிட்டோம், மடிப்பை வெளிப்பக்கம் திருப்பிவிட்டோம். அப்புசாமி வாத்தியார் ஓய்வு பெறுவதற்கு முன்னால் தன் பள்ளிக்குப் புது செட் வேண்டும் என்று கார்டு போட்டிருக்கிறார். முதலாளி அதை வாங்கிப் படித்துவிட்டுப் போனார். மறுநாள் ஷெட்டில் புது டியூப் லைட் எரிந்தது.

இப்போது துணியைச் சோடாவில் வேகவைத்துக் காயவைத்த பிறகுதான் தைக்கிறோம். அதுவும் போதாது என்று நான் ஒரு போர்டு வாங்கி ஷெட்டில் மாட்டிவிட்டேன். ஒவ்வொரு டஸ்டருக்கும் செக்கிங். போர்டில் எழுத வேண்டும், இந்த டஸ்டரால் துடைக்க வேண்டும், அதே இடத்தில் மறுபடி எழுத வேண்டும். எழுத்து நின்றால் பாஸ். வழுக்கினால் ரிஜெக்ட்.

பத்துப் பேரில் ஆறு பேருக்கு எழுதத் தெரியாது என்பது அப்போதுதான் எனக்குத் தெரியும். நான் மேலே ஒரு எழுத்துப் போடுவேன், அவர்கள் கீழே அதைப் பார்த்து எழுதி, துடைத்து, மறுபடி எழுதுவார்கள். பழனாத்தாள் மகளே நான்கு தடவை சொல்லிக் கொடுக்கப் பார்த்தும் பென்சிலைத் தொட மாட்டேன் என்றவள் ஒச்சாயி. இங்கே பயமே இல்லாமல் எழுதினாள். ஏன் என்று கேட்டேன். "அழிக்கிறதுக்குத்தான எழுதுறோம்க்கா. தப்பா இருந்தா யாரு பாக்கப் போறா?" என்றாள். ஏப்ரலிலிருந்து எத்தனை டஸ்டர் பார்த்திருப்பாள்! ஒவ்வொரு டஸ்டருக்கும் இரண்டு தடவை.

நேற்று சனிக்கிழமை, சம்பளம். ஒச்சாயி முறை வந்ததும் கணக்கப்பிள்ளை வழக்கம்போலக் கைநாட்டுக்கு மைப்பெட்டியைத் திறந்து வைத்தார். ஒச்சாயி அதை மூடி அவர் பக்கமே தள்ளிவிட்டு, "பேனாவக் குடுங்க சார்" என்றாள். அவர் என்னைப் பார்த்தார். நான் தலையசைத்ததும் பேனாவை நீட்டினார். வரிசையில் பின்னால் நின்றவர்கள் எல்லோரும் எட்டிப் பார்த்தார்கள். அவள் நின்றபடியே குனிந்து, ஒவ்வொரு எழுத்தாக, தன் பெயரை எழுதினாள். கோடு மேலே கொஞ்சம் ஏறிவிட்டது. மற்றபடி யாரும் ஒரு குறை சொல்ல முடியாது.

எழுதி முடித்து அதைப் பார்த்தாள். பார்த்துவிட்டு, பழக்கம், முந்தானையைச் சுருட்டி அதைத் துடைக்கப் போனாள். நான் அவள் கையைப் பிடித்துக்கொண்டேன்.

"இது அழிக்கிறதுக்கு இல்ல ஒச்சாயி. இது இருக்கட்டும்" என்றேன்.

டஸ்டர் மூட்டை வியாழக்கிழமை பஸ்ஸில் வருகிறது. பார்த்துவிட்டு எழுது.

அக்கா,
அமீருன்னிசா